தவறான லாமாவின் மேல் வந்த புகார்

"டாக்டர், இவளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பக்கத்தில் போனாலே துப்புகிறாள். திமிர்."

பண்ணைக்காரர் தொலைபேசியில் பேச ஆரம்பித்ததே இப்படித்தான். ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க விலங்கான லாமாக்கள் ஆறு உள்ள சிறிய பண்ணை. வார இறுதியில் பார்வையாளர்கள் வருவார்கள். வேலிக்கு வெளியே நின்று உள்ளங்கையில் குச்சித் தீவனத்தை வைத்து நீட்டினால் லாமாக்கள் வந்து தின்னும். குழந்தைகளுக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆறில் ஒன்று ஐந்து வயதுப் பெண் லாமா. அதுவரை சாது என்று பெயரெடுத்தவள், இரண்டரை மாதமாகத் துப்ப ஆரம்பித்திருக்கிறாள். பராமரிப்பாளர் மேல் இரண்டு முறை, பண்ணைக்காரர் மேல் ஒரு முறை, ஒரு பார்வையாளரின் புதுச்சட்டை மேல் ஒரு முறை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். புட்டிப்பால் கொடுத்துத் தன் கையால் வளர்த்த குட்டியைக் கண்டாலே அவள் துரத்தித் துரத்தித் துப்புவதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பண்ணையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். லாமாக்களுக்கு அங்கே வேறு பெயர்கள். இங்கே நம் மாடுகளை அழைப்பதுபோல நிறத்தை வைத்தே அழைக்கிறேன். புகாருக்கு ஆளானவள் செவலை. இன்னொரு இளம்பெண் மயிலை. மூத்தவள் கிழவி. காயடித்த ஆண்கள் இரண்டு: காரி, புள்ளி. புட்டிப்பால் குட்டி வெள்ளையன். பெயர்தான் குட்டி, வயது 22 மாதம், எடை நூறு கிலோவைத் தாண்டிவிட்டது.

முதல் நாள்: துப்பலா, நோயா?

லாமா துப்புகிறது என்று யாராவது சொன்னால் உடனே அதன் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கக் கூடாது. வாயிலிருந்து பச்சைக் குழம்பு வெளியே வருவதெல்லாம் துப்பல் ஆகிவிடாது.

லாமாவுக்குக் குச்சித் தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்வது உண்டு. பேராசையோடு விழுங்கும்போது உணவுக்குழாயில் கட்டியாக நின்றுவிடும். அப்போது கழுத்தை நீட்டி, ஓங்கரித்து, எச்சிலும் தீவனமுமாக வெளியே தள்ளும். தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது துப்பல்தான். உணவுக்குழாய் தளர்ந்து விரிந்துவிட்ட லாமாவும் விழுங்கியதை இப்படித் திரும்பத் திரும்ப வெளியே கொண்டுவரும். ரோடோடென்ட்ரான் போன்ற நச்சுச் செடியைத் தின்றுவிட்டால் பச்சையாக வாந்தியே எடுக்கும். இந்த மூன்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்று: எதிரில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்கும். துப்பலுக்கு எப்போதும் ஒரு குறி இருக்கும். ஆகவே நான் கேட்ட முதல் கேள்வி, "தனியாக நிற்கும்போது எப்போதாவது துப்பியிருக்கிறாளா?" இல்லை என்றார்கள் பண்ணைக்காரரும் பராமரிப்பாளரும்.

அடுத்து வலி. லாமாக்களுக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் வேரில் சீழ்க்கட்டி வருவது சகஜம். வலியில் இருக்கும் விலங்கு பக்கத்தில் யாரையும் அண்டவிடாது. தாடையின் இரு பக்கத்தையும் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, எலும்பு மேடு இல்லை. உடல் எடை சரியாக இருந்தது, அசைபோடுதல் ஒழுங்காக நடந்தது, புழுக்கை நல்ல உருண்டையாக இருந்தது. (லாமாக்கள் மேய்ச்சல் நிலம் முழுக்க இறைக்காமல் ஒரே இடத்தில் குவியலாகப் புழுக்கை போடும். பரிசோதிப்பவருக்கு அது பெரிய உபகாரம்.)

இந்தப் பரிசோதனையின் நடுவில்தான் எனக்கும் விழுந்தது. தாடையைத் தடவியபோது காதுகளைக் கழுத்தோடு ஒட்ட மடித்தாள். பார்த்தேன். மூக்கை மேலே தூக்கினாள். அதையும் பார்த்தேன். தொண்டைக்குள் கொடகொடவென்று ஒரு சத்தம். இத்தனை அறிவிப்பும் வந்த பிறகு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தது என் தப்பு. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

துப்பலின் படிகள்

வாடை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அரைகுறையாகப் புளித்த புல், அதில் கொஞ்சம் கெட்டுப்போன வெண்ணெய். சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம்வரை நம்மைவிட்டுப் போகாது. இந்த நாற்றத்தால்தான் லாமா ஆசிட் துப்புகிறது என்ற பேச்சு பரவியிருக்கிறது. அது சரியல்ல.

லாமாவின் இரைப்பை மூன்று அறைகள் கொண்டது. மாட்டுக்கு நான்கு, இதற்கு மூன்று. முதல் அறைதான் மிகப் பெரியது, மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். தின்ற புல்லை அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கின்றன. அந்த நொதித்தலில் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்ற கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. வாடைக்கு முக்கியமான காரணம் இவைதான், அதிலும் பியூட்டிரிக் அமிலம் கெட்ட வெண்ணெயில் இருப்பதேதான். ஆனால் எச்சில் ஓயாமல் கலந்துகொண்டே இருப்பதால் முதல் அறையின் பி.எச். அளவு 6-க்கும் 7-க்கும் இடையில், கிட்டத்தட்ட நடுநிலையில் நிற்கும். நம் வயிற்றில் இருப்பதுபோன்ற கடுமையான அமிலம் மூன்றாம் அறையின் கடைசிப் பகுதியில்தான் சுரக்கிறது. அங்கிருந்து எதுவும் வாய்க்குத் திரும்பி வருவதில்லை. ஆக முகத்தில் விழுவது பாதி வெந்த புல், எச்சில், நுண்ணுயிர்க் கூட்டம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தோலில் பட்டால் மானம் மட்டும்தான் போகும்.

இன்னொன்று. நோயில் படுத்து, நுண்ணுயிர்கள் செத்துப்போய் அசைபோடுவதை நிறுத்திவிட்ட லாமாவுக்கு, ஆரோக்கியமான விலங்கின் இதே திரவத்தை எடுத்துக் குழாய் வழியாக உள்ளே விடுவது கால்நடை மருத்துவத்தில் வழக்கமான சிகிச்சை. என் சட்டையில் வழிந்தது ஒரு வகையில் மருந்துதான் என்று நானே தேற்றிக்கொண்டேன்.

தமிழில் துப்புவதற்கு இருக்கும் சொற்கள் லாமாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகின்றன. முதல் படியில் வெறும் காற்று: ‘ப்பூ’ என்று ஊதும், கொஞ்சம் எச்சில் தெறித்தால் உண்டு. இரண்டாவது எச்சில் துப்புவது. அப்போது வாயில் எது இருக்கிறதோ, தீவனமோ புல்லோ, அதுவும் சேர்ந்து வரும். மூன்றாவது காறித் துப்புவது. முதல் அறையிலிருந்து மேலே இழுத்து, பச்சையாக, மூன்று மீட்டர்கூடப் போகும்படி. பெரும்பாலான தகராறுகள் முதல் படியிலேயே தீர்ந்துவிடும். அதற்கும் முன்னால் காது மடங்கும், முகவாய் உயரும். மந்தையில் இருப்பவை இதைப் பார்த்தே ஒதுங்கிக்கொள்ளும். காது பின்னால் திரும்பியிருப்பது மட்டும் கோபத்துக்கு அடையாளமில்லை; பின்னால் கேட்கும் சத்தத்துக்கும் காது திரும்பும். கழுத்தோடு ஒட்டி மடிந்த காதும் அண்ணாந்த மூக்கும் சேர்ந்து வர வேண்டும்.

காறித் துப்பியது துப்பியவளையும் விடாது. செவலை என் மேல் துப்பிய பிறகு கீழுதடு தொங்க, வாய் பாதி திறந்தபடி, எச்சில் ஒழுக நின்றாள். புல்லை நீட்டினேன், திரும்பிக்கொண்டாள். வாய் அத்தனை கசந்துவிடுகிறது. அண்ணாந்து துப்பினால் தன் மேலேயே விழும் என்று நம்மில் சொல்வார்களே, லாமா அதைத் தினமும் செய்துபார்க்கிறது. இப்படித் தனக்கே தண்டனையாகிற ஒன்றை எந்த விலங்கும் பொழுதுபோக்குக்குச் செய்யாது. அதனால்தான் ‘திமிர்’ என்ற சொல்லை நான் அன்றே மனதிலிருந்து அடித்துவிட்டேன்.

பதிவேடு

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நான்கு பத்தி போட்டுக் கொடுத்தேன். யார் துப்பியது, யார் மேல், எந்தப் படி, அப்போது பக்கத்தில் என்ன இருந்தது. செவலைக்கு மட்டும் எழுதினால் போதாதா என்றார் பண்ணைக்காரர். ஆறுக்கும் எழுதச் சொன்னேன். இரண்டு வாரம். இந்த ஆய்வில் நான் செய்த உருப்படியான காரியம் அந்த ‘ஆறுக்கும்’ என்ற ஒரு சொல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நோட்டு திரும்பி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது தீவனத் தொட்டி. பண்ணையில் ஒரே நீளத் தொட்டி, அதுவும் சுவரோரமாக. துப்பல்களில் பெரும்பகுதி அங்கே, தீவனம் போட்ட முதல் சில நிமிடங்களில். பெரும்பாலானவர்கள் ஒருவர் மேல் ஒருவர் துப்பியிருக்கிறார்கள், கிழவி மட்டும் ஒரு முறைகூட இல்லை. கிழவி காதை மடக்கினால் போதும், இடம் காலியாகிவிடும். மந்தையில் யார் பெரியவர் என்பது யார் அதிகம் துப்புகிறார் என்பதில் தெரியாது. யாருக்குத் துப்ப வேண்டிய அவசியமே வரவில்லை என்பதில்தான் தெரியும்.

அடுத்து, மனிதர்கள் மேல் விழுந்தவை. பழைய சம்பவங்களையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னேன். பராமரிப்பாளர் இரண்டு முறையும் கையில் வாளியோடு செவலைக்கும் மயிலைக்கும் நடுவில் நின்றிருக்கிறார். பார்வையாளரின் கையில் தீவனம். ஒரே உள்ளங்கைக்கு இரண்டு தலைகள் போட்டி போட்டிருக்கின்றன. பண்ணைக்காரர் வெள்ளையனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான்கிலும் செவலையின் குறி இன்னொரு லாமா. மனிதர்கள் அம்புக்கும் இலக்குக்கும் நடுவில் வந்தவர்கள். ஒழுங்காக மந்தையில் வளர்ந்த லாமா மனிதர் மேல் வேண்டுமென்று துப்புவது அபூர்வம். பிடித்து நிறுத்தி, ஊசி போட்டு, நகம் வெட்டினால் துப்பும். என் மேல் துப்பியதும் அந்தக் கணக்கில்தான்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் குவானாக்கோ என்ற காட்டு விலங்கைப் பழக்கி லாமாவாக்கி ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சுமை தூக்கும் லாமாவின் துப்பலை, பெருவின் குஸ்கோவில் 1539-ல் பிறந்த வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ எழுதிவைத்திருக்கிறார்: களைத்துப் படுத்துவிட்டால் எழுப்ப முடியாது, வற்புறுத்தினால் அசையை மேலே கொண்டுவந்து பக்கத்தில் இருப்பவர் முகத்தில் துப்பும். அளவுக்கு மேல் சுமை ஏற்றினால் லாமா இன்றைக்கும் அதையேதான் செய்கிறது. அங்கும் துப்பலுக்கு முன்னால் ஒரு ‘முடியாது’ இருந்திருக்கிறது, அதை யாரோ காதில் வாங்கவில்லை.

தொட்டிச் சண்டை எல்லாரும் போடுவது. அதைக் கழித்துவிட்டால் செவலை கணக்கில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. வெள்ளையன். தொட்டியருகே இல்லை, நடு மைதானத்தில். தினமும். அதுவும் பெரும்பாலும் மூன்றாம் படி.

வெள்ளையன் ‘குட்டி’யா?

பராமரிப்பாளரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன், வெள்ளையன் அவளிடம் போய் என்ன செய்கிறான் என்று. "பின்னாடியே போவான். வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவான்." எப்போதிலிருந்து? மூன்று மாதம் இருக்கும். மேலே ஏறியதுண்டா? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு தடவை அவ படுத்திருந்தா, அவன் அவ மேல படுத்துக்கிட்டு அரை மணி நேரம் அப்படியே கிடந்தான். விளையாடுறாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

லாமாக்கள் நின்றுகொண்டு இணைவதில்லை. பெண் கால்களை மடக்கி மார்பு தரையில் படும்படி உட்காரும், ஆண் அதன் மேல் படுக்கும். இருபது நிமிடம் முதல் முக்கால் மணி வரைகூட நீளும். அவ்வளவு நேரமும் ஆண் தொண்டையில் கொப்பளிக்கிற மாதிரி ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். அறியாத கண்ணுக்கு இரண்டும் வெயில் காய்வதுபோல் இருக்கும். பராமரிப்பாளரைக் குற்றம் சொல்ல முடியாது. 22 மாத ஆணைக் ‘குட்டி’ என்று எல்லாரும் சொல்லும்போது அவர் மட்டும் வேறு எப்படி நினைப்பார்?

செவலையை ஸ்கேன் செய்தோம். இரண்டு மாதத்தைத் தாண்டிய சினை. கரு கருப்பையின் இடக்கொம்பில். லாமாக்களில் சினை கிட்டத்தட்ட எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்கும்.

இப்போது அவள் துப்பலுக்கு அர்த்தம் புரிகிறது. பசு போல 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும் வழக்கம் லாமாவுக்கு இல்லை. இணைசேர்வதுதான் கருமுட்டை வெளியாகத் தூண்டுதல். ஆணின் விந்துத் திரவத்தில் உள்ள ஒரு புரதமே மூளைக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோகிறது. அதனால் சினையில்லாத பெண் பெரும்பாலும் ஆண் வந்தால் ஏற்று உட்கார்ந்துவிடும். கருமுட்டை வெளியானதும் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் திசு புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். சினை பிடித்தால் ஈனும்வரை, ஏறத்தாழ 350 நாளும், அது சுரந்துகொண்டே இருக்கும். அந்த ஹார்மோன் இருக்கும்வரை பெண்ணுக்கு ஆண் வேண்டாம். கிட்டே வந்தால் ஓடும், உதைக்கும், துப்பும்.

லாமா வளர்ப்பவர்கள் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள். இணைசேர்த்து இரண்டு வாரம் கழித்து ஆணைப் பெண்ணுக்கு எதிரே நடத்திக்கொண்டு வருவார்கள். உட்கார்ந்தால் சினையில்லை, துப்பினால் சினையாக இருக்கலாம். பைசா செலவில்லாத சோதனை, முழுக்க நம்ப முடியாத சோதனையும்கூட. கரு நிற்காமல் மஞ்சள் திசு மட்டும் நிலைத்துவிட்டாலும் பெண் துப்பும். பயந்த சுபாவம் உள்ள பெண், சினையாக இருந்தும் ஆணின் மிரட்டலுக்குப் பணிந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் ஸ்கேனோ இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவோ பார்க்காமல் நான் எதையும் எழுதித் தருவதில்லை. இந்தப் பண்ணையே அதற்கு உதாரணம். மயிலையையும் ஸ்கேன் செய்தபோது அவளும் சினை, ஒரு மாதத்தை ஒட்டியது. அவள் பெயருக்கு நேரே நோட்டில் வெள்ளையனைத் துப்பியதாக ஒரு வரிகூட இல்லை. அவள் துப்பாமல் ஓடியிருக்கிறாள், பார்த்தவர்கள் ஓடிப்பிடித்து விளையாடுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழவி சினையில்லை. அவள் அவனை அண்டவே விட்டதில்லை.

செவலை ‘குழந்தை’யைக் கொடுமைப்படுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அவனுக்கு அது ஏறவே இல்லை. மந்தையில் வளரும் குட்டிக்குப் பெரியவர்களிடம் பணிவு காட்டும் ஒரு நிலை உண்டு: கால்களைச் சற்று மடக்கி, கழுத்தைத் தாழ்த்தி, வாலை முதுகின் மேல் மடித்துப் போடும். ‘நான் சின்னவன், விட்டுவிடு’ என்று அர்த்தம். அதைப் பார்த்தால் எதிரில் இருப்பவள் முதல் படியோடு நிறுத்திக்கொள்வாள். அரை நாள் வேலியோரம் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளையன் அந்த நிலையை ஒரு முறைகூட செவலைக்கோ கிழவிக்கோ காட்டவில்லை. பண்ணைக்காரர் உள்ளே வந்ததும், அவருக்குக் காட்டினான். அவர் சிரித்துக்கொண்டே, "பாருங்கள், கும்பிடு போடுகிறான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நோட்டின் ஆறாவது பக்கம்

வெள்ளையனின் பெயருக்கு எதிரே இருந்த வரிகளை அதுவரை யாரும் ஊன்றிப் பார்க்கவில்லை. நானும்தான். எல்லாமே முதல் படி, வெறும் காற்று. பார்வையாளர்கள் அதைப் படம்பிடித்துப் போயிருக்கிறார்கள். ‘முத்தம் கொடுக்கிறான்’ என்று பராமரிப்பாளர் ஓர் இடத்தில் எழுதியிருந்தார்.

கடைசிப் பத்தியை, பக்கத்தில் என்ன இருந்தது என்பதை, மேலிருந்து கீழே வாசித்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. தீவனம் இல்லை. வேறு லாமா இல்லை. பண்ணைக்காரரின் மனைவி வாசலைத் திறந்தார். பராமரிப்பாளர் குனிந்து புழுக்கை அள்ளினார். ஒன்றுமில்லை.

மற்ற லாமாக்களின் துப்பலுக்கு ஒரு பொருள் இருந்தது: தொட்டி, இடம், சினை, பிடித்து நிறுத்திய கை. வெள்ளையனின் துப்பலுக்குக் குறியும் மனிதர், காரணமும் மனிதர். மனிதர் தன் எல்லைக்குள் வந்த இன்னொரு ஆண் லாமா என்ற கணக்கு அவனுக்கு.

புட்டிப்பாலில் தனியாக வளர்ந்த ஆண் லாமாக்களிடம் இது வருவதைப் பல பத்தாண்டுகளாக வளர்ப்பவர்கள் அறிவார்கள். பிறந்த நாள் முதல் மனிதர் கையில் வளர்வதால் தன் இனம் எது என்பதில் குழப்பம் விழுந்துவிடுகிறது. சின்ன வயதில் அது ஆசையாகத் தெரியும்: ஓடிவந்து மூக்கை முகத்தில் வைக்கும், பின்னாலேயே வரும், உரசும். ஒன்றரை, இரண்டு வயதில் ஆண் ஹார்மோன் ஏறும்போது அதே நெருக்கம் போட்டியாக மாறும். ஆண் லாமாக்கள் ஒன்றோடொன்று எப்படி மோதுமோ, அப்படி மனிதரோடு மோதத் தொடங்கும்: துப்பி, மார்பால் இடித்து, கழுத்தால் அழுத்தி, காலைக் கடித்து. இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் ஆண்களுக்குச் சண்டைப் பற்கள் முளைக்கும். மேலே பக்கத்துக்கு இரண்டு, கீழே பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு, கத்திபோலப் பின்னோக்கி வளைந்தவை. முற்றிய நிலையில் இப்படிப்பட்ட லாமாக்களைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்ததும் உண்டு.

நோட்டில் படித்ததை நேரில் பார்க்க இரண்டாம் முறை தனியாக உள்ளே போனேன். கையில் எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பலகையை மட்டும் முன்னால் பிடித்துக்கொண்டேன். அவன் இருபது அடி தள்ளி நின்று பார்த்தான், பிறகு நேராக வந்தான். காது மடிந்திருந்தது. என் மூக்குக்கு அரை அடியில் ‘ப்பூ’. எச்சில்கூட இல்லை. நான் திரும்பி நடந்தேன், வேண்டுமென்றேதான். நான்கு அடி வைப்பதற்குள் மார்பால் முதுகில் ஒரு இடி. பலகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பண்ணைக்காரர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்போது எதுவும் பேசவில்லை. வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

செவலையின் துப்பல் நாறியது, கறை பட்டது, புகாரானது. வெள்ளையனுடையது நாறவில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் லாமாவுக்கு எவ்வளவு எரிச்சல் என்று தெரியும். எவ்வளவு ஆபத்து என்று தெரிய வேண்டுமென்றால் யார் மேல், எதற்காக என்று கேட்க வேண்டும்.

செய்தவை

தொட்டியை எடுத்துவிட்டு ஏழு தனித்தனிச் சட்டிகள், ஆறு தலைக்கு ஒன்று கூடுதலாக, இடைவெளி விட்டு வைத்தோம். விரட்டப்பட்டவனுக்கு எப்போதும் ஒரு சட்டி காலியாக இருக்க வேண்டும். தீவனச் சண்டை ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் அடங்கியதாகப் பராமரிப்பாளர் சொன்னார். கையால் ஊட்டுவதை நிறுத்தச் சொன்னேன். பார்வையாளர்கள் விரும்புவது அதைத்தான் என்பதால் இதற்குத்தான் அதிக வாக்குவாதம் நடந்தது. கடைசியில் நீண்ட கைப்பிடி வைத்த கரண்டியில், ஒரு நேரத்தில் ஒரு லாமாவுக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டார். துப்பினால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள், அதையும் நிறுத்தினோம். துப்பல் ஏற்கெனவே ஒரு தண்டனை. அதற்கு மேல் தண்ணீர் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான், மனிதர்களை நம்பாதே என்று.

வெள்ளையனுக்கு உடனே காயடித்தோம். பொதுவாக லாமாவுக்கு 18 முதல் 24 மாதம்வரை பொறுப்பது வழக்கம். அதற்கு முன்பே செய்தால் கால் எலும்புகளின் வளர்ச்சி கெடலாம். புட்டியில் வளர்ந்த ஆணுக்கு மட்டும் சீக்கிரமே செய்துவிடும்படி சொல்லப்படுகிறது. இங்கே அந்த வாய்ப்பு நழுவிவிட்டது. காயடித்தால் குணம் தானாக மாறிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, ஏனென்றால் பாதிதான் ஹார்மோன்; மீதி இரண்டு வருடப் பழக்கம். காரி, புள்ளி இருவரோடும் தனித் தொழுவத்தில் விட்டோம், பெண்களிடமிருந்து பிரித்து. பார்வையாளர்களுக்கு இரட்டை வேலி. உள்ளே போவது பெரியவர்கள் மட்டும், அதுவும் இருவராக, பலகையோடு. தொட்டுக் கொஞ்சுவது கிடையாது. இதைச் சொன்னபோது பண்ணைக்காரரின் மனைவி அழுதார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புட்டி கொடுத்தவர் அவர்தான்.

அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். தாயில்லாக் குட்டிக்குப் புட்டி கொடுத்தது தவறில்லை, கொடுக்காவிட்டால் செத்திருக்கும். புட்டியை வேலிக் கம்பியில் கட்டிவைத்து, கொஞ்சாமல் கொடுத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் மந்தைக்குள்ளேயே விட்டிருந்தால் கிழவி அவனுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்திருப்பாள். வீட்டுக்குள் வளர்த்ததுதான் வினையாயிற்று.

ஒன்பது மாதம் கழித்து

வெள்ளையன் முன்பைவிட அடங்கியிருக்கிறான், நம்பும் அளவுக்கு இல்லை. காரி அவனை இரண்டு மூன்று முறை நன்றாகக் காறித் துப்பி விரட்டியதாக நோட்டில் இருந்தது. கடைசி மாதத்துப் பக்கங்களில் மனிதர் மேல் ஊதியது குறைந்திருந்தது, முழுக்க நிற்கவில்லை. இன்றும் அவனுக்கு முதுகைக் காட்ட வேண்டாம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

செவலையை விற்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஒரு காலை வேளையில், லாமாக்கள் வழக்கமாக ஈனும் நேரத்தில், தானாகவே ஈன்றாள். பெண் குட்டி. நான் போனபோது அதற்கு மூன்று வாரம். செவலை குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு மேய்ந்தாள், என்னைப் பார்த்ததும் காதை ஒருமுறை மடக்கி நிமிர்த்தினாள். பழைய கணக்கு போலும். பக்கவாட்டில் நின்றுகொண்டேன்.

குட்டி துள்ளிக்கொண்டே போய்க் கிழவியின் சட்டிக்குள் மூக்கை விட்டது. கிழவி முகவாயைத் தூக்கி ‘ப்பூ’ என்றாள். குட்டி முன்னங்கால்களை மடக்கி, கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, வாலை முதுகின் மேல் சுருட்டிப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றது. கிழவி தின்னத் தொடங்கினாள்.